முதிரை மேசை

என் மகன் படிக்கும் மேசையின் ஒரு முனையில் ஓர் ஓட்டை இருக்கிறது. கைபேசிக்கு மின்னேற்றும் வயரை அவன் அந்த ஓட்டைக்குள்ளால் விட்டு, கீழே சுவரில் உள்ள பிளக்கில் செருகி வைத்திருக்கிறான். இந்த மேசையைச் செய்தவர் அந்தக் காலத்திலேயே நன்றாக யோசித்திருக்கிறார் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வான். பேனையை வைத்தால் உருண்டு ஓட்டைப் பக்கம் போகிறது என்பதுதான் அவனுடைய ஒரே குறை. கால்களுக்குக் கட்டை வைத்துச் சமப்படுத்தித் தரட்டுமா என்று கணவர் இரண்டு மூன்று தடவை கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை.

போன கிழமை ஒரு பின்னேரம் ரியூசனுக்குப் போன மகன் வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. கைபேசிக்கு எடுத்தால் அது அணைந்திருந்தது. கணவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் வரைக்கும் பார்த்துவரப் போனார். நான் வீட்டில் நின்றேன். கடைசியில் அவன் சாவகாசமாக வந்து சேர்ந்தான். பற்றரி முடிந்துவிட்டதாம், கூடப் படிப்பவனின் வீட்டில் கொஞ்ச நேரம் இருந்தானாம். இதற்குப் போய் ஏன் இப்படி முகம் வெளிறி நிற்கிறீர்கள் என்று என்னையே கேட்டான். பிறகு என் கையைப் பிடித்துப் பார்த்தான். சுட்டுவிரல் நகம் முறிந்து இரத்தம் கசிந்திருந்தது. அவன் வரும்வரை நான் அந்த மேசையில் வாய்க்கால் போல ஓடும் தவாளிப்புகளுக்குள் அடைந்திருந்த தூசியை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றிருக்கிறேன். எனக்கு அது தெரியாது.

அன்றிலிருந்து நித்திரை சரியில்லை. அந்த மேசை எங்கள் வீட்டுக்கு வந்த கதை திரும்பத் திரும்ப மனதில் ஓடுகிறது.

நாங்கள் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து மன்னாருக்குத் திரும்பி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. தீவின் வடகரையில் இருந்த எங்கள் வீட்டில் சுவர்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. கதவு, யன்னல், கட்டில், அலுமாரி எல்லாம் போயிருந்தன. யார் எடுத்தார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நாங்கள் போன பிறகு யார் யாருடைய வீட்டிலிருந்தோ யார் யாரோ எடுத்திருந்தார்கள். எல்லாச் சாமானும் ஊருக்குள் எங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குக் கந்தோரில் கோப்பு எழுதுகிற பழைய லிகிதர் வேலை திரும்பக் கிடைத்தது. அம்மா கூரைக்கு ஓலை வேண்டும் என்றார். அப்பாவோ முதலில் ஒரு மேசை வேண்டும் என்றார்.

மேசை அண்ணனுக்கு. அண்ணனுக்கு அப்போது பதினாறு வயது, சாதாரண தரச் சோதனைக்குப் படிக்க வேண்டியவன். முகாமில் தகரப் பெட்டியின் மேல் கொப்பியை வைத்து எழுதியவன், இங்கே வந்த பிறகு எழுதுவதையே விட்டுவிட்டான். பின்னேரமானால் கடற்கரைக்குப் போய்விடுவான். அந்த வயதுப் பொடியன்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். என்ன பேசினார்கள் என்பது பெரியவர்களுக்குத் தெரியாது. எந்த வீட்டுப் பொடியன் ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்டான், எந்த வீட்டுப் பொடியன் தானாகவே எழும்பி இயக்கத்துக்குப் போனான் என்பது மட்டும் காலையில் தெரியவரும். அப்பா அதிகம் கதைக்காதவர். ஆனால் இந்த விஷயத்தில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. மேசையில் குந்தியிருக்கிற பிள்ளை கடற்கரைக்குப் போகாது, கடற்கரைக்குப் போகாத பிள்ளை வீட்டில் இருக்கும். இதை அவர் அம்மாவிடம் ஒரு நாளில் பல தடவை சொன்னார்.

ஒரு சனிக்கிழமை மன்னார் ரவுணில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடமிருந்து அப்பா மேசையை வாங்கி, லொறியில் போட்டுக் கொண்டுவந்தார். இறக்கி வைத்ததைப் பார்த்ததும் அம்மா குசினிக்குள் போய்விட்டார். அது வழக்கமான மேசை போலவே இல்லை. அகலம் குறைவு, நீளம் அதிகம். வள்ளத்துக்குப் பூசுகிற பச்சைப் பெயின்ரைத் தடிப்பாக அடித்து, அதுவும் செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது. ஒரு கால் ஆடியது. மேலே விரல் அகலத்தில் நீளப்பாட்டுக்கு மூன்று தவாளிப்புகள் ஓடி, ஒரு முனையிலிருந்த ஓட்டையில் போய் முடிந்தன. அந்த முனைப் பக்கத்துக் கால்கள் இரண்டும் மற்றவற்றைவிடக் கட்டையாக இருந்ததால் மேசை சரிந்து நின்றது.

அயலிலிருந்தவர்கள் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் சம்மாட்டி மாமா இருந்தார். சொந்தமாக இரண்டு வள்ளம் வைத்திருந்தவர், கரையில் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. அவர் தவாளிப்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“இது மீன் வெட்டுற மேசையடாப்பா. கோட்டால ரத்தம் ஓடி ஓட்டையால விழும். சரிவு வைச்சதும் அதுக்குத்தான். ஆரோ பெரிய முதலாளின்ர மீன் வாடியில கிடந்திருக்கும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். மீனிலேயே பிறந்து வளர்ந்த ஊர். நீளமாக, சரிவாக, வாய்க்காலும் ஓட்டையுமாக ஒரு மேசையைக் கண்டால் எங்களுக்கு வேறு என்ன தோன்றும்? படிக்கிற பிள்ளைக்கு மீன் மேசையோ என்று யாரோ சிரித்தார்கள். நாறினால் நித்திரை வராது, நல்லாய்ப் படிப்பான் என்று சம்மாட்டி மாமா சொன்னார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவர் சிரித்தது எனக்குப் புதிதாக இருந்தது.

அப்பாவுக்குச் சுவரில் ஓர் ஆணி அடிக்கத் தெரியாது. ஆனால் தச்சு வேலை செய்யும் ஆளைக் கூப்பிட அவர் விரும்பவில்லை. அதையும் அண்ணனோடு சேர்ந்து செய்தால் அத்தனை பின்னேரமும் அவன் வீட்டில் நிற்பான் அல்லவா? முதலில் பெயின்ரைக் கிளப்ப வேண்டும். அப்பா கத்தியால் சுரண்டி மரத்தைக் கொத்திவிட்டார். உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டினால் மரம் காயப்படாது என்று அண்ணன் கண்டுபிடித்தான். முகாமில் யாரோ செய்ததைப் பார்த்திருக்கிறான். தாளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இழுக்க, பச்சைப் பெயின்ர் சுருள் சுருளாக வந்தது. அப்பா பெருவிரலை வெட்டிக்கொண்டார். அண்ணன் அவருடைய கையிலிருந்து கண்ணாடியை வாங்கி வைத்துவிட்டு, நீங்கள் தண்ணி மட்டும் ஊத்துங்கோ, அது காணும் என்றான்.

என்ன மரம் என்பதில் இருவருக்கும் சண்டை. அப்பா வேம்பு என்றார். அண்ணன் பாலை என்றான். ஒரு பக்கம் முழுதாகச் சுரண்டி முடிந்த அன்று அண்ணன் ஈரத்துணியால் அந்த இடத்தைத் துடைத்தான். மரம் மஞ்சளாக, பட்டுத் துணி மாதிரி மினுங்கியது. வெயில் பட்ட இடத்தில் உள்ளுக்குள் அலை அலையாக ஓடியது. அது முதிரை. எங்கள் நாட்டில் நல்ல மரம் என்றால் அதுதான். அப்பா மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். முதிரையில் யாராவது மீன் வெட்ட மேசை செய்வார்களா என்று அவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

யோசித்தது அம்மா ஒருவர்தான். மரம் நனைந்தபோது ஒரு வாசம் வந்தது. மீன் வாசம் இல்லை. அம்மா குனிந்து மணந்து பார்த்துவிட்டு, மீன் மேசையில் கற்பூரம் மணக்குமோ என்று கேட்டார். பூச்சி அரிக்காமல் கடைக்காரன் போட்டு வைத்திருப்பான் என்று அப்பா சொன்னார். அம்மா இன்னொரு தடவை மணந்து பார்த்தார். பிறகு அடுப்பில் கறி கிடக்கிறது என்று போய்விட்டார்.

அதன்பிறகு அப்பாவும் அண்ணனும் மேசையின் பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். ஆடிய காலைக் கழற்றிப் பசை வைத்துத் திருகாணியால் இறுக்கினார்கள். மரத்தூளைப் பசையோடு குழைத்துத் தவாளிப்புகளை நிரப்பினார்கள். அது காய்ந்ததும் சுருங்கி வெடித்தது. திரும்ப நிரப்பினார்கள். ஓட்டைக்கு அண்ணன் ஒரு பூவரசங்கட்டையைச் செதுக்கி அடித்தான். அளவாகச் செதுக்க முடியாமல் எத்தனையோ கட்டையை வீணாக்கினான். ஒவ்வொரு தடவையும் அப்பா, பரவாயில்லைத் தம்பி, இன்னுமொண்டு செதுக்கு என்றார். வேலை இழுபட இழுபட அவருக்கு நல்லது. கடைசியில் கட்டைக்கால்கள் இரண்டுக்கும் கீழே மரத்துண்டு வைத்து அடித்து, போத்தலில் தண்ணீர் நிரப்பி மேசையில் படுக்கவைத்து, உள்ளே குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்தார்கள். நின்றது. அரத்தாள் போட்டு, வார்னிஷ் பூசி, காயவிட்டார்கள். அந்த நாட்களில் அண்ணன் கடற்கரைக்குப் போகவே இல்லை.

வீட்டுக்குள் எடுத்து வைத்த அன்று, கால் தாங்குமா என்று பார்க்க அண்ணன் மேசையில் ஏறி நீட்டி நிமிர்ந்து படுத்தான். அவனுடைய உயரத்துக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. குதிக்கால் அடைத்த ஓட்டைக்கு மேல் வந்தது.

“அம்மா, படிச்சுக் களைச்சா நான் இதிலேயே படுப்பன், எனக்குக் கட்டில் வேண்டாம்,” என்றான்.

படிக்கிற மேசையில் காலை வைக்காதே, எழும்பு என்று அம்மா அகப்பையை ஓங்கினார். நானும் ஏறி அவன் பக்கத்தில் படுத்தேன். பக்கத்தில் இடம் போதவில்லை, விழப் பார்த்தேன். அவன் ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டான்.

அவன் படித்தான் என்பதுதான் ஆச்சரியம். தன் கையால் திருத்திய மேசை என்பதாலோ என்னவோ, பள்ளியால் வந்ததும் அதில் போய் இருந்துவிடுவான். அப்பா கந்தோரால் வந்து வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது முதலில் அந்தப் பக்கம்தான் எட்டிப் பார்ப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் நானா மாமா வந்தார். அவர் எருக்கலம்பிட்டிக்காரர், கந்தோரில் அப்பாவோடு வேலை செய்தவர். அண்ணன் முறையில் அப்பா அவரை நானா என்று கூப்பிட்டதால் நாங்கள் நானா மாமா என்போம். தொண்ணூறில் நாங்கள் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனோம். அதற்குக் கொஞ்சம் பிறகு அவருடைய முஸ்லிம் ஆட்களை எல்லாம் இயக்கத்தார் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள், கையில் கொண்டுபோகக்கூடியதைத் தவிர ஒன்றும் எடுக்க விடவில்லை. அவர் புத்தளத்தில் கொட்டில் போட்டு இருந்தார். இப்போது ஆமியிடம் பாஸ் எடுத்துக்கொண்டு தன் வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்திருந்தார். அவரும் சுவர்களைத்தான் கண்டிருந்தார். அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அம்மா மீன் வாங்கிச் சமைத்தார். தேத்தண்ணியைக் குடித்தபடி இருந்தவரை அப்பா மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாழ்க்கையில் தன் கையால் செய்த ஒரே ஒரு வேலை, காட்டாமல் இருக்க முடியுமா? விரித்திருந்த சீலையைத் தூக்கிவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். இது சரிந்து கிடந்தது நானா, நிமிர்த்திவிட்டோம், இதில் ஓட்டை இருந்தது, இப்போது தெரிகிறதா, இந்தக் கோடுகளைப் பாருங்கோ என்றார். நானா மாமா குனிந்தார். தவாளிப்பு இருந்த இடத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். அடைத்த ஓட்டையில் அவருடைய கை நின்றது. எங்கே வாங்கியது என்று கேட்டார். அப்பா சொன்னார். அதன்பிறகு அவர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இருங்கோ நானா, இருந்து குடியுங்கோ என்று அப்பா கதிரையை இழுத்துவிட்டார். அவர் இருக்கவில்லை.

“இது மீன் மேசை இல்ல தம்பி,” என்றார் கடைசியில். “எங்கட பள்ளிவாசல்ல மையத்துக் குளிப்பாட்டுற மேசை.”

மையத்து என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. அண்ணனைப் பார்த்தேன். அவன் மேசையில் ஊன்றியிருந்த கையை மெல்ல எடுத்தான். செத்தவர்களை அடக்கம் செய்ய முதல் கழுவுவார்கள், தண்ணீர் உடலுக்குக் கீழே தேங்கி நிற்கக் கூடாது, அதற்குத்தான் சரிவு, அதற்குத்தான் வாய்க்கால், ஓட்டை என்று நானா மாமா தாழ்ந்த குரலில் சொன்னார். கடைசித் தண்ணீருக்குக் கற்பூரம் போடுவோம் என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்க அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும்.

“என்ட வாப்பாவ இதுலதான் கழுவின. தலப்பக்கம் நான் நிண்ட.”

அப்பா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். இன்றைக்கே லொறி பிடிக்கிறேன், கொண்டுபோங்கோ நானா என்றார். நானா மாமா சிரித்தார், அல்லது சிரிக்கிற மாதிரி எதையோ செய்தார். எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று கேட்டார். பள்ளிவாசலுக்குக் கூரை இல்லை, ஊரில் கழுவிவிட ஆட்களும் இல்லை. ஆட்கள் வந்து சேரும்வரைக்கும் தம்பி படிக்கட்டும், படிப்பது ஒன்றும் பிழையில்லை என்றார். சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, அம்மாவின் மீன்கறியைப் புகழ்ந்துவிட்டுப் போனார். பல வருடங்களுக்குப் பிறகு அவருடைய ஊர் திரும்ப நிமிர்ந்தபோது, மேசையைக் கொண்டுபோகும்படி அப்பா சொல்லியனுப்பினார். இப்போது சீமெந்தால் கட்டி ஓடு பதித்துவிட்டோம், அது உங்களோடேயே இருக்கட்டும் என்று பதில் வந்தது.

அம்மா எல்லாவற்றையும் குசினிக் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நானா மாமாவின் தலை மறைந்ததும் மேசையை வெளியே எடுக்கச் சொன்னார். அப்பா மறுத்தார். மேசை போனால் பிள்ளை போய்விடுவான் என்று அவர் சொல்லவில்லை, அண்ணன் பக்கத்திலேயே நின்றான். சோதனை முடியட்டும் என்று மட்டும் சொன்னார். அம்மா சத்தம் போடவில்லை.

“செத்த சனத்தைக் கழுவினதில என்ர பிள்ளை நீட்டி நிமிந்து கிடந்து எழும்பினவன். நீங்கள் அதைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்.”

அன்று பின்னேரமே அப்பாவும் அண்ணனும் மேசையைத் தூக்கிக்கொண்டுபோய் வேலியோரம் பனைகளுக்குக் கீழே வைத்தார்கள். ஊரில் திரியும் கழுதைகள் வந்து அதில் முதுகைத் தேய்த்தன. வெயிலில் வார்னிஷ் கொப்புளித்தது. அம்மா வீட்டுக்குள் மேசை நின்ற இடத்தில் புனித நீர் தெளித்து, செபமாலை சொல்லி, தன் தகரப் பெட்டியைக் காலியாக்கிக் கவிழ்த்து, இதில் வைத்துப் படி தம்பி என்றார். அண்ணன் சரி என்றான். சில நாள் அதில் வைத்துப் படித்தும் பார்த்தான்.

பிறகு பின்னேரங்களில் திரும்பக் கடற்கரைக்குப் போகத் தொடங்கினான். ஒரு நாள், செபமாலைக்கு முதல் வந்துவிடுவேன், போட்டு வாறன் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனவன், செபமாலை முடிந்தும் வரவில்லை.

சோதனைச் சாவடியில் ஆமி அவனை மறித்து வைத்திருந்ததைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அவனாகவே எழும்பிப் போய்விட்டான் என்று இன்னொருவர் சொன்னார். இந்தியாவுக்குப் போகிற வள்ளத்தில் ஏறினான் என்றும் கதை வந்தது. அப்பா கந்தோருக்குப் போவதை விட்டுவிட்டுக் ஆமிக் காம்ப் காம்பாக அலைந்தார். எந்தக் காம்பிலும் அப்படி ஒரு பெயர் இல்லை என்றார்கள். அம்மா அப்பாவையும் ஏசவில்லை, தன்னையும் நொந்துகொள்ளவில்லை. பின்னேரமானால் வாசலில் நிற்பார். பார்வை தெருவில் இருக்காது, பனைகளுக்குக் கீழே அந்த மேசையில் இருக்கும்.

மழைக்காலம் முடிகிற நேரம் சம்மாட்டி மாமா வந்தார். கடலில் ஒரு வள்ளம் கவிழ்ந்திருக்கிறது, தென்கரையில் உடல்கள் ஒதுங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், அதில் பொடியன்களும் உண்டு என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா சேட்டைப் போட்டுக்கொண்டு அவரோடு போனார். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனைத் தேடிப் போகிறார்கள் என்று மட்டும் விளங்கியது. இந்தமுறை கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று நினைத்தேன்.

அம்மா குசினிக்குள் போய்க் கத்தியையும் கோடரியையும் எடுத்துக்கொண்டு பனைகளுக்குக் கீழே போனார். பின்னால் போய் நின்று பார்த்தேன். கோடரியின் பின்பக்கத்தால் தட்டி, கட்டைக்கால்களுக்குக் கீழே வைத்திருந்த மரத்துண்டுகளைக் கழற்றினார். மேசை பழையபடி சரிந்தது. தவாளிப்புகளில் காய்ந்திருந்த பசையைக் கத்தி முனையால் கிண்டிக் கிண்டி எடுத்தார். ஓட்டையில் அண்ணன் செதுக்கி அடித்த பூவரசங்கட்டையைக் கீழேயிருந்து குத்தித் தள்ளினார். அது தெறித்து மணலில் விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன்ர மேசையை ஏன் அம்மா பழுதாக்கிறீங்கள், அவன் வந்தால் கோவிப்பான் என்றேன்.

“தண்ணி தேங்கி நிக்கக் கூடாது பிள்ளை,” என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல்.

கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளிப் பெரிய குடங்கள் இரண்டில் நிரப்பினார். ஒரு புது வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து மடித்து வைத்தார். பிறகு மேசைக்குப் பக்கத்தில், கையை அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றார். வெயில் சாய்ந்தது. கழுதை ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனது.

அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு தனியாக வந்தார். சம்மாட்டி மாமா ஒழுங்கை முனையிலேயே நின்றுவிட்டார். அப்பா படலையைத் திறக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, எங்கட பிள்ளை இல்லை, நல்லாய்ப் பாத்தனான், ஒருத்தரும் எங்கட பிள்ளை இல்லை என்றார்.

நான் துள்ளிக் குதித்தேன். அண்ணன் அதில் இல்லையாம் என்று வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கத்தினேன். நல்ல செய்திதானே? அம்மா ஏன் சந்தோஷப்படவில்லை என்று விளங்கவில்லை. அவர் ஒரு குடத்தைத் தூக்கினார். தலைப்பக்கத்திலிருந்து, சொட்டுச் சொட்டாக இல்லாமல், அவசரமும் இல்லாமல், மெல்ல ஊற்றிக்கொண்டே வந்தார். தண்ணீர் மூன்று தவாளிப்புகளாலும் ஓடி, ஓட்டையால் மணலில் விழுந்தது. ஒரு துளி தேங்கவில்லை. மரம் நனைந்து மஞ்சளாக மினுங்கியது. கற்பூர வாசம் வந்தது. அடுத்த குடத்தையும் தூக்கினார்.

அண்ணன் வந்து படிப்பதற்காகத்தான் மேசையைக் கழுவுகிறார் என்று நினைத்தேன். ஈரம் நின்றால் கொப்பி நனையும் அல்லவா? துடைப்பதற்குத் துணி எடுத்துவர வீட்டுக்குள் ஓடினேன்.